வாயால் சொன்ன “முடியாது” செல்லுமா? சேலம், ஏற்காடு அலுவலக அனுபவங்கள் (அந்தந்தப் பகுதிக்காரர் சொன்னவை, பகுதிப் பெயரோடு)

செவ்வாய்ப்பேட்டை:
பட்டா மாறுதலில் அதிகம் பார்க்கிற சங்கதி இது. இ-சேவையில் விண்ணப்பம் போகும். சில வாரத்தில் “தள்ளுபடி” என்று குறுஞ்செய்தி வரும். காரணம்: “போதிய ஆவணம் இல்லை”. எந்த ஆவணம் என்று இருக்காது. நேரில் போனால் “மறுபடி போடுங்க” என்பார்கள். மறுபடியும் அதே வரிதான் வரும்.

அதை அங்கேயே நிறுத்துங்கள். தள்ளுபடியும் ஓர் உத்தரவுதான். உத்தரவென்றால் காரணம் இருந்தாக வேண்டும். விண்ணப்ப எண், தேதி, புல எண், உட்பிரிவு குறித்து “காரணத்துடன் கூடிய உத்தரவின் நகல் தருக” என்று ஒரு பக்க மனு எழுதுங்கள். தாலுகா அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகரக் கூடாது. வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபால் (பதிவுத் தபாலை 2025இல் அதோடு சேர்த்துவிட்டார்கள்). தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(டி)யை மனுவில் காட்டுங்கள். முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லும் கடமை அதில் இருக்கிறது.

1983 பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி, தாசில்தார் உத்தரவு போடுமுன் தரப்பினரைக் கேட்க வேண்டும் (பிரிவு 10). பிறகு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு (12), மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு (13). கையில் உத்தரவு இல்லாவிட்டால் எதை எதிர்த்து மேல்முறையீடு போடுவது? சொத்து யாருக்கு என்பதே தகராறு என்றால் மட்டும் இந்த வழி பயன்படாது, சிவில் கோர்ட்தான்.

நாகலூர்:
ஏற்காடு மலைமேல் வேற மாதிரி. பழங்குடியினர் (எஸ்.டி.) சான்று தருவது கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை. கீழிருந்து விசாரணை அறிக்கை போகணும். “அறிக்கை இன்னும் வரலை” என்ற பதிலிலேயே கல்லூரி சேர்க்கை முடிஞ்சுடும்.

அறிக்கை நமக்குப் பாதகமா இருந்தா, அதன் நகலைக் கொடுத்து நம்ம பதிலைக் கேட்ட பிறகுதான் மறுக்கலாம். நமக்குக் காட்டாத தாளை வச்சு முடிவெடுத்தா அது இயற்கை நீதிக்கு விரோதம், உத்தரவு நிற்காது. அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ சான்று இருந்தா எண், தேதியோடு மனுவிலேயே எழுதுங்க. அதை ஏன் ஏற்கலைன்னு உத்தரவு சொல்லியாகணும். இன்னொன்று: பழங்குடியினர் பட்டியலில் “மலையாளி” (இங்குள்ள மலைவாழ் இனம்) என்பது சேலம், தருமபுரி முதலான மாவட்டப் பெயர்களோடுதான் இருக்கு. வெளியூர் அலுவலகத்தில் கேரளாக்காரர்னு நினைக்கிற கூத்தும் உண்டு. அந்தப் பட்டியல் பக்கத்தைச் சேர்த்தே கொடுத்துடுங்க.

குகை:
தகவல் உரிமை மனுவில் “ஏன் தரவில்லை?” என்று கேட்டால் “விளக்கம் கேட்க இயலாது” என்று ஒரே வரியில் திருப்பி விடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள்: ந.க. எண் (கோப்பு எண்) இன்ன கோப்பின் குறிப்புப் பக்க நகல், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை நகல், அந்த மனு பதிவான தன்பதிவேட்டுப் பக்கம் (எழுத்தர் தன்னிடம் வரும் தாள்களைப் பதியும் ஏடு). கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று தன்பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டிவிட்டால் நகல் இலவசம், பிரிவு 7(6).

கொண்டலாம்பட்டி:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு? அது சுற்றிச் சுற்றி அதே மேசைக்குத்தான் வரும். கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது மேல்முறையீடு ஆகாது. மேல்முறையீட்டுக் கெடு அதற்காகக் காத்திருக்காது.

அம்மாபேட்டை:
ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தால் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு காரணம் கேட்கும் நோட்டீஸ், 6ஆம் பிரிவு அகற்றும் உத்தரவு. 7 இல்லாமல் நேராக 6 வந்தால் அதுவே பெரிய ஓட்டை. கையில் கிடைத்த தேதியை நோட்டீஸின் பின்புறம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். ஏரி, குளம் என்றால் 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், நடைமுறை வேறு.

அஸ்தம்பட்டி:
ரிட், அதாவது அலுவலக உத்தரவை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, பற்றிச் சொல்கிறேன். நமக்குச் சென்னை அமர்வு, மதுரை இல்லை. மேல்முறையீடு இருக்கும்போது நேராக ரிட் போட்டால் பொதுவாகத் திருப்பி விடுவார்கள். நம்மைக் கேட்காமலே முடிவெடுத்தது, அதிகாரமே இல்லாதவர் போட்ட உத்தரவு, இப்படி இருந்தால் விதிவிலக்கு (உச்ச நீதிமன்றத்தின் வேர்ல்பூல் வழக்கு, 1998). உத்தரவில் எழுதாத காரணத்தை அலுவலகம் பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க முடியாது. இது உச்ச நீதிமன்றத்தின் மொகிந்தர் சிங் கில் வழக்கு, 1978. அதனால்தான் காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்வது.

“மனுவை இத்தனை வாரத்தில் பைசல் செய்” என்ற உத்தரவு வந்தால் பலர் வென்றதாக நினைக்கிறார்கள். முடிவெடுக்கத்தான் சொன்னார்கள், தரச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் விட்டுவிட்டுப் புது மனு கொடுத்தால் பழைய கோரிக்கைக்கு உயிர் வராது என்று ஜேக்கப் வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.