உப்பும் வத்தலும் புளியும்: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வந்திறங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கம். உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள், இப்போது ஷார்ஜாவில் இருக்கிறேன்.

முதலில் உப்பு. கல்லுப்புக்கு வயதே கிடையாது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கல்லுப்பில் மெக்னீசியம் கொஞ்சம் இருப்பதால் அதற்கு முன்பே பிசுபிசுக்கும். இங்கே ஆகஸ்ட் ராத்திரிகளில் நம் கடற்கரைப் புழுக்கம் அப்படியே இருக்கும். கசிந்துவிட்டதே என்று கொட்டிவிடாதீர்கள். வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து எடுத்து வையுங்கள். எவர்சில்வர் டப்பா மட்டும் வேண்டாம், உள்ளே பழுப்புப் புள்ளி விழுந்து அரித்துவிடும். பீங்கான் ஜாடியோ கண்ணாடி பாட்டிலோ போதும்.

அயோடின் உப்பு வேறு விஷயம். ஈரம், வெயில், சூடு மூன்றுமே அயோடினைக் குறைக்கும், அதனால் அதை வறுக்கக் கூடாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, மூடி வைத்து, பாக்கெட்டில் போட்ட தேதிக்குள் முடியுங்கள். லண்டன் பக்கம் போனவர்கள் கவனியுங்கள்: அங்கே கடையில் கிடைக்கும் உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள்.

அப்புறம் நம் குண்டு மிளகாய். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். தூளாகக் கொண்டுவராதீர்கள், முழு வத்தலாகக் கொண்டுவாருங்கள். தூள் சில மாதங்களிலேயே நிறமும் மணமும் இழக்கும். வத்தல் காய்ந்து இருந்தால் ஒரு வருடம் தாங்கும். வண்டு பயம் இருந்தால் நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்த எதையும் எடுத்த உடனே திறக்கக் கூடாது. முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். அம்மா மொட்டை மாடியில் காயவைத்து, மில்லில் அரைத்துக் கொடுத்த தூள் அது. கொதிக்கும் குழம்புக்கு மேலேயே சில்லென்ற பாட்டிலைத் திறந்து கரண்டியை விட்டேன். இரண்டு வாரத்தில் கட்டி கட்டியாகி, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. முழுவதையும் கொட்டும்போது அழுகையே வந்துவிட்டது. பூஞ்சை பிடித்த தூளை மேலாகச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தவே கூடாது, அதன் நஞ்சு உள்ளே பரவியிருக்கும். பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போங்கள்.

புளிக்குப் பெரிய வேலையில்லை. கொட்டை, நார் எடுத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அமுக்குங்கள். கறுத்தால் பயப்பட வேண்டாம், அது பழம்புளி. தேங்காய் சேர்த்த பொடி மட்டும் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். அதைக் கொஞ்சமாக இங்கேயே இடித்துக்கொள்ளுங்கள்.