ஆக்சிஜன் குறையாதபோதும் மலையேற்றத்தில் மூச்சு வாங்குவது ஏன்?

வடசேரி வாசகன்:
வயது 46. ஞாயிற்றுக்கிழமைகளில் பொத்தையடி வழியாக மருந்துவாழ் மலை ஏறும் வழக்கம் உண்டு. அடிவாரச் சாலையில் 100ஐ ஒட்டியிருக்கும் நாடித்துடிப்பு, படிகளில் கால் வைத்த சில நொடிகளிலேயே உயரத் தொடங்கி, பிள்ளைத்தடம் குகையை நெருங்கும்போது 155ஐத் தொடுகிறது. அங்கே நின்று ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 97, 98 என்றே காட்டுகிறது. அப்படியிருந்தும் பேச முடியாதபடி மூச்சு வாங்குவதும், நின்ற பிறகும் அது அடங்காததும் எதனால்?

தக்கலை ஆசிரியர்:
முதல் படியிலேயே நாடி எகிறுவதற்கு இரத்தத்தில் எந்த மாற்றமும் தேவையில்லை. கால் தசைகளுக்கு ஆணையிடும் மூளையே, இதயத்தை அடக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியையும் தளர்த்திவிடுகிறது. மிதமான, சீரான நடையில் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் நாடியும் மூச்சும் ஓரளவு நிலைப்படும். செங்குத்தான ஏற்றத்தில் அது வாய்ப்பதில்லை. அங்கே கடும் உழைப்பில் தசைகளில் உண்டாகும் லாக்டேட்டோடு சேரும் அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் ஈடுசெய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக உண்டாகிறது. அதை வெளியேற்றவே நுரையீரல் உழைப்பின் அளவையும் மிஞ்சி இயங்குகிறது. நின்றதும் அந்த அமிலம் மறைந்துவிடுவதில்லை, உடற்சூடும் தணிவதில்லை. அதுவரை மூச்சு அடங்காது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 6 லிட்டராக உள்ள சுவாசம் கடும் உழைப்பில் 100 லிட்டரையும் தாண்டும். இதயம் வெளியேற்றும் இரத்தமோ 5 லிட்டரிலிருந்து 20 லிட்டர் அளவுக்கே உயரும். ஆகவே ஆரோக்கியமானவர்களில் முதலில் எல்லையைத் தொடுவது பெரும்பாலும் இதயமே.

குளச்சல் நடையர்:
நம் கடலோரப் புழுக்கத்தையும் கணக்கில் கொள்ளுங்கள், அண்ணாச்சி. வியர்வையால் இரத்தத்தின் நீர் குறைந்து, தோலுக்கும் ஒரு பங்கு இரத்தம் பிரிந்துபோவதால், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. வேகம் மாறாதபோதும் நாடி ஏறிக்கொண்டே போவது அதனால்தான். உச்ச நாடித்துடிப்புக்குச் சொல்லப்படும் '220இலிருந்து வயதைக் கழி' என்ற கணக்கு வெறும் சராசரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வேறுபடும். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்ப்பதையே நான் நம்புகிறேன். குகையருகே சட்டென்று அசையாமல் நிற்காதீர்கள். கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றக்கூடும்.

தக்கலை ஆசிரியர்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, எவ்வளவு முயன்றாலும் நாடி அதிகம் உயராது. அவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. ஏற்றத்தில் நெஞ்சு இறுகினாலோ இடது கை கனத்தாலோ உடனே நின்று உதவி கேளுங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகே அடுத்த ஏற்றம்.