புதுப்பிப்பு: சித்தியின் மார்புக் கட்டி, முடிவு வந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சித்திக்கு மார்பில் கட்டி, மேமோகிராமில் சுண்ணாம்புப் புள்ளிகள், பயாப்சியில் (ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் சோதனை) 'புற்றுநோய் சந்தேகம்' என்று. தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புற்றுநோய் இல்லை. ஸ்க்லிரோசிங் அடினோசிஸ் என்ற தீங்கற்ற கட்டியாம்.

புதுச்சேரியில் பயாப்சி ஸ்லைடை மறுபடி பார்த்த பாத்தாலஜிஸ்ட் (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் மருத்துவர்) அம்மா, மைக்ராஸ்கோப்பிலேயே காட்டினார். பால் சுரப்பிகள் பெருகி, இடையில் நார்த்திசு வளர்ந்து அவற்றை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய சுரப்பிகள் ஊடுருவும் புற்றைப் போலவே தெரியுமாம். எனக்கென்னவோ எல்லாமே ஊதாக் கிறுக்கல்தான். அப்புறம் பி63 சாயம் போட்ட ஸ்லைடை வைத்தார். ஒவ்வொரு சுரப்பியைச் சுற்றியும் பழுப்புப் புள்ளிகள், வேலி கட்டின மாதிரி. அவை சுரப்பியின் வெளிவரிசையில் இருக்கும் மயோஎபிதீலியல் செல்களின் உட்கருக்கள். ஊடுருவும் புற்றில் அந்த வேலி இருக்காது. ஆனால் மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்று ஒன்று உண்டு, தீங்கற்றதுதான், அதிலும் வேலி கிடையாது. அதனால் ஒரே சாயத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டார்களாம்.

சித்திக்கு வந்த ஸ்க்லிரோசிங் அடினோசிஸ் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். சித்தி வருடாவருடம் பரிசோதனைக்குப் போகணும். போவார், சித்தப்பா விடமாட்டார்.

மறுபடி ஊசி குத்தினார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. முதல் பயாப்சியின் திசுவைப் பதித்து வைத்திருந்த மெழுகு பிளாக்கை ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். அதிலிருந்தே புதிதாகச் சீவி சாயம் போட்டார்கள்.