'இன்டர்' என்றால் எப்போதும் 'இடை'தானா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வெவ்வேறு கணினி முறைமைகள் (சிஸ்டம்கள்) ஒன்றின் தகவலை மற்றது புரிந்துகொண்டு சேர்ந்து இயங்கும் திறனைக் குறிக்கும் 'இன்டரொப்பரபிலிட்டி'க்குத் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதி நான்கு நாளாகிறது. வந்த மடல்களை அச்செடுத்து, இன்று காலை கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை ரயிலில் படித்துக்கொண்டு வந்தேன். சென்னை நண்பர் 'இடைச்செயற்பாடு' என்கிறார். வேறு இருவரும் அதையே ஆதரிக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

முதல் ஐந்து எழுத்தைக் கண்டதும் 'இடை' என்று போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஐந்து எழுத்தும் எல்லாச் சொல்லிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. 'இன்டர்வெல்' லத்தீனில் இரண்டு அரண்களுக்கு நடுவிலுள்ள வெளி. அதற்கு இடைவெளி, இடைவேளை இரண்டும் கச்சிதம். 'இன்டரிம்' வரவு செலவுத் திட்டம் இடைக்கால வரவு செலவுத் திட்டம், அதுவும் சரி. அப்புறம் 'இன்டர்னல்' வருகிறது. அது உள்ளே இருப்பது. எங்கள் அலுவலகங்களில் உள்ளகக் கணக்காய்வு என்றுதான் எழுதுகிறோம். 'இன்டர்வியூ' ஒருவரையொருவர் காண்பது. இங்கே இலங்கையில் அது நேர்முகப் பரீட்சை, தமிழ்நாட்டில் நேர்காணல். இரண்டிலும் 'இடை' இல்லை. நல்லடக்கத்தைக் குறிக்கும் 'இன்டர்மென்ட்'டுக்கு வேரே வேறு. அதை 'இன்', 'டெரா' என்று பிரிக்க வேண்டும்: மண்ணுக்குள்.

'இன்டர்நெட்'டைப் பாருங்கள். 1974இல் வின்ட் செர்ஃபும் அவருடைய சகாக்கள் இருவரும் எழுதிய ஆவணத்தில் 'இன்டர்நெட்வொர்க்' சுருங்கி அப்படி ஆனது. நாம் அதை இடைவலை என்று பெயர்க்காமல் இணையம் என்றோம். ஒன்றோடொன்று இணைவது என்ற பொருளைப் பிடித்துக்கொண்டதால்தான் அந்தச் சொல் நிலைத்தது என்பது என் எண்ணம். கோட்டையில் இறங்கியபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 'இன்டர்சிட்டி' ரயிலுக்கு இங்கே நகர்சேர் கடுகதி என்று பெயர். 'சேர்' என்பதில் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு மற்ற ஊரைப் போய்ச் சேர்வது தெரிகிறது. எவ்வளவு அழகான சொல்!

ஆகவே நம் சொல்லில் இரண்டு முறைமைகளுக்குள் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். போன மாதம் அம்மாவை இங்குள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஆய்வுகூடக் கணினியும் நோயாளர் விடுதிக் (வார்டு) கணினியும் ஒரே வலையமைப்பில்தான் இருந்தன. இருந்தும் இரத்தப் பரிசோதனை முடிவு விடுதித் திரையில் வெறும் கட்டங்களாக வந்தது. தாதி ஆய்வுகூடத்துக்கு நடந்துபோய், எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, மறுபடி தட்டினார். ஹீமோகுளோபின் 11.2ஐ 12.1 என்று அடித்துவிட்டு, தாளைப் பார்த்து உடனே திருத்தினார். பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு பதறியது.

அதனால்தான் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் தம் மடலில் தந்த 'இணைந்தியங்கல்' மிக நெருங்கி வந்தாலும் எனக்கு நிறைவில்லை. அங்கே இணைப்பு இருந்தது. ஒன்று சொன்னது மற்றதுக்கு விளங்கவில்லை.

என் முன்மொழிவு: ஒத்தியங்கல். தன்மையைக் குறிக்க, ஒத்தியங்குதிறன். ஒத்துழைப்பு, ஒத்துப்போதல் எல்லாம் நம் வாயில் தினமும் வருபவை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் இருப்பது வேறு கருவி. ஆனால் சுருதி ஒன்று. நான் மொழிபெயர்க்கும் கேள்விப்பத்திரத்தில் (டெண்டர் ஆவணத்தில்) வைத்துப் பார்த்தேன்: "இரு முறைமைகளின் ஒத்தியங்குதிறன் சோதிக்கப்பட வேண்டும்." தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. 'இடைச்செயற்பாட்டுத்தன்மை' என்று அதே வாக்கியத்தில் போட்டால், நடுவில் ஏதோ ஒரு தற்காலிக வேலை நடப்பதுபோல் ஒலிக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே நேரத்தில் ஒன்றுபோல இயங்கச் செய்வதைக் குறிக்கும் 'சிங்க்ரனைஸ்' என்பதற்குச் சிலர் ஒத்தியக்கம் என்று எழுதுகிறார்கள். எழுத்தில் இரண்டும் மிக நெருக்கம், வாசிப்பவர் குழம்பக்கூடும். அதற்கு ஒத்திசைவு என்பதையே நிலைப்படுத்திவிட்டால் இந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றுக்கொன்று பொருந்துவதைக் குறிக்கும் 'கம்பாட்டிபிலிட்டி'க்குப் பொருந்துகை போதும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள், முக்கியமாக ஒத்தியக்கத்தை ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள், வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை நான் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து