எரிமலைச் சரிவைக் கணினியில் ஓட்டியவர்கள், மலைச்சரிவை நேரில் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

களத்துமேடு:

என் அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது அந்த ஆலையின் களத்தில்தான். காய்ந்த ஜவ்வரிசியைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். குவியல் கூராக ஏறும். ஒரு கட்டத்தில் மேல்படலம் மட்டும் சர்ரென்று வழுக்கி இறங்கும். உள்ளே இருக்கும் மணிகள் அசையா. அடுத்த கூடை விழும், மறுபடியும் சரியும். குவியல் முழங்கால் உயரம் இருந்தாலும் ஆள் உயரம் இருந்தாலும் பக்கச் சாய்வு மட்டும் மாறாது. ஒன்பதாம் வகுப்பில் பாகைமானியைப் பலகையில் கட்டி அளந்தேன். எந்தக் குவியலானாலும் 25 பாகைக்கும் 28 பாகைக்கும் நடுவில்தான் வந்தது.

முதுகலையில் கணிதம் படித்தபோது எரிமலைச் சரிவைக் கணினியில் கணக்கிடும் வேலை என் கைக்கு வந்தது. எரிமலை என்றால் நெருப்புக் குழம்பு என்றே நினைக்கிறோம். குழம்பு பெரும்பாலும் மெதுவாக நகரும், ஆள் விலகி ஓடிவிடலாம். சாம்பலும் கல்லும் கொதிக்கும் வாயுவும் கலந்து மலைச்சரிவில் பாய்ந்துவரும் ஓட்டத்துக்கு முன்னால் ஓட முடியாது. 1902 மே 8 அன்று மார்டினிக் தீவில் பெலே எரிமலையிலிருந்து இறங்கிய அப்படி ஓர் ஓட்டம் செயின்ட் பியேர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது. ஏறக்குறைய 28,000 பேர் மாண்டார்கள்.

நான் முதலில் வெள்ளநீருக்கான சமன்பாட்டையே போட்டேன். ஓட்டம் சமதரைக்கு வந்த பிறகும் நிற்காமல் பரவிக்கொண்டே போனது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது களம்தான் நினைவுக்கு வந்தது. ஜவ்வரிசி நிற்குமே! மணிக்கும் மணிக்கும் இடையே உராய்வு இருக்கிறது, மணிக்கும் தரைக்கும் இடையே வேறோர் உராய்வு இருக்கிறது. இந்த இரண்டையும் நீரோட்டச் சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் சாவேஜ், ஹட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1989-இல். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘டைட்டன்2டி’ மென்பொருள் அந்த வழியில் வந்ததுதான். அதற்கு நிலத்தின் ஏற்ற இறக்க வரைபடம் வேண்டும். எங்கே, எவ்வளவு மண் சரியத் தொடங்குகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு அந்த இரண்டு உராய்வுக்கும் உரிய கோணங்கள், அதாவது எத்தனை பாகைச் சாய்வில் வழுக்கத் தொடங்கும் என்பது.

அந்தக் கோணங்களில்தான் உயிரே இருக்கிறது. தரை உராய்வை ஓரிரு பாகை குறைத்துப் பாருங்கள், ஊருக்கு வெளியே நின்ற ஓட்டம் ஊருக்குள் நுழைந்திருக்கும். பெரிய சரிவுகளில் இன்னும் சிக்கல். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் சரிந்தது சுமார் 2.5 கன கிலோமீட்டர் மண்ணும் பாறையும். அது டூட்டில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கையால் குவித்து அளக்கும் கோணத்தைப் போட்டால் கணினியில் அது மலையடிவாரத்திலேயே நின்றுவிடும். அளவு பெருகப் பெருக உராய்வு குறைந்ததுபோல் நடந்துகொள்கிறது. ஏன் என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

நம் சேர்வராயன் மலை எரிமலை அல்ல, பூமிக்கடியில் வெகு ஆழத்தில் உருவான சார்னோகைட் பாறை. ஆனால் சரியும் மண்ணுக்குக் கணக்கு ஒன்றுதான். அதனால் ஏற்காட்டுச் சரிவிலும் ஓட்டிப் பார்த்தேன். என்னிடம் இருந்த வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் அதற்குள் கரைந்துபோயின. சாலையே இல்லாத மலையில் மண் வழவழவென்று இறங்கியது. அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை ஓட்டுநர்:

கண்ணு, நான் ஏற்காட்டுப் பாதையில் 22 ஆண்டுகள் பஸ் ஓட்டியவன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு ஒரு வளைவில் மண் இறங்கிக் கிடந்ததை மறுநாளே போய்ப் பார்த்தேன். நான் கவனித்தது ஒன்று. முன்னால் கிடந்தவை எல்லாம் பெரிய பாறைகள், அடுக்கிவைத்த சுவர்போல. சேறும் பொடிமண்ணும் அதற்குப் பின்னால்தான். கனமான பாறை பின்தங்கும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். இன்னொன்று, மண் நேராக இறங்கவே இல்லை. சிறுபாலத்தின் வாய் அடைத்துக்கொண்டதும் பக்கவாட்டில் திரும்பிச் சாலை வழியாகவே நூறடி போயிருந்தது.

வெள்ளைக்கல்:

நான் மேக்னசைட் சுரங்கத்தில் கழிவு மண் கொட்டும் பகுதியில் இருந்தேன். தங்கை சொல்லும் கோணம் காய்ந்த மண்ணுக்குத்தான் பொருந்தும். லேசாக ஈரம் பட்ட மண் செங்குத்தாகக்கூட நிற்கும். அதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் தைரியமாக அடியில் நிற்பார்கள். நாங்கள் கத்தி விரட்டுவோம். மழை தொடர்ந்து பெய்து மண் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டால் முன்னறிவிப்பே இல்லாமல் முழுவதும் ஒரே வீச்சில் வந்துவிடும்.

களத்துமேடு:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. என் கணக்கில் விட்டுப்போனவற்றையே சொல்லியிருக்கிறீர்கள்.

பாறைகள் முன்னால் வருவது களத்திலும் உண்டு. லாரியில் குலுங்கி வந்த மூட்டையைப் பிரித்தால் பெரிய மணி மேலே, நொய் அடியில். சரிவிலும் பொடி அடியில் இறங்கிவிடுகிறது. பெரிய கல் மேலே ஏறுகிறது. மேற்பரப்பு வேகமாக ஓடுவதால் அந்தக் கல் முனைக்குப் போய்ச் சேருகிறது. நான் ஓட்டிய கணினி மாதிரியில் எல்லா மணியும் ஒரே அளவுதான், அதனால் பாறைச் சுவர் வரவே இல்லை.

அண்ணா சொன்ன தண்ணீர் விஷயத்தை அமெரிக்காவின் ஒரிகனில் 95 மீட்டர் நீளக் கான்கிரீட் வாய்க்காலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 31 பாகைச் சாய்வில் ஈர மண்ணும் கல்லும் லாரிக்கணக்கில் இறக்கினார்கள். மணிகளுக்கு நடுவே உள்ள துளைகளில் சிக்கிய நீரின் அழுத்தம் மணிகளைத் தாங்கிப் பிடிக்கிறது. மணிக்கு மணி உராய்வு தளர்ந்துவிடுகிறது. அந்த அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ‘டி-கிளா’ என்ற கணினி மாதிரியை ஐவர்சன், ஜார்ஜ் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். இனி அதில்தான் ஏற்காட்டை ஓட்டப்போகிறேன். 1985 நவம்பரில் கொலம்பியாவின் ஆர்மெரோ நகரம் எரிமலைச் சேற்றில் புதைந்து 20,000 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த ஊர் ஆபத்தில் இருப்பதைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகிவிட்டது. அதைப் படித்த நாளிலிருந்து திரையில் வரும் படத்தோடு என்னால் நிற்க முடியவில்லை.

ஐயா, அந்தச் சிறுபாலம் வளைவுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? வாய் எத்தனை அடி அகலம்?

மலைப்பாதை ஓட்டுநர்:

வளைவுக்குக் கீழே, கண்ணு. அகலம் கண்ணளவில் நான்கடி இருக்கும், அதிலும் பாதி இன்னும் மண்ணாகத்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அடிவாரம் வந்துவிடு. அளக்கும் நாடா எடுத்துவா. சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்குள் இருபது வளைவுகளையும் பார்த்துவிடலாம்.