வேலை மாறிய வருடத்தில் வரி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம், தம்பிக்காகக் கேட்கிறேன். 2025-26இல் முதல் ஏழு மாதம் ஒரு கம்பெனி, மாதச் சம்பளம் 95,000. அப்புறம் வேறொன்று, 1,40,000. பழைய சம்பள விவரத்தைப் புது இடத்தில் கேட்கவே இல்லை, அதனால் இரண்டு பேருமே 12 லட்சத்துக்குள்தானே என்று டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை. இப்போது கூட்டினால் 13.65 லட்சம், புதிய வரி முறையில் எல்லாச் சம்பளக்காரருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போக 12.90 லட்சம். 12 லட்சம் வரை கிடைக்கும் ரிபேட் (வரித் தள்ளுபடி) போச்சு, செஸ்ஸோடு (வரி மேல் கூடுதல் வரி) 76,440 ரூபாய் வரி நிற்கிறது! ரீஃபண்ட் வரும், வண்டிக்கு முன்பணம் கட்டலாம் என்று இருந்தான் பாவம். பழைய முறையிலும் போட்டுப் பார்த்தேன், அவன் கழிவுகளுக்கு இன்னும் கூடத்தான் வருகிறது.

வரியைக் கட்டிவிட்டு, கட்டிய ரசீதான சலானின் எண்ணையும் வங்கிக் கிளையின் பிஎஸ்ஆர் கோடையும் ரிட்டர்னில் போட வேண்டும் என்பது வரை தெரியும். முன்கூட்டியே வரி கட்டாததற்கான 234பி, 234சி வட்டியை நாமே கணக்குப் போட்டுச் சேர்த்துக் கட்டுவதா, போர்ட்டல் காட்டும் தொகையை அப்படியே நம்பலாமா? பழைய கம்பெனியிடம் ஃபார்ம் 16 (சம்பளம், வரி விவரச் சான்று) கேட்டால் பதிலே இல்லை, சம்பளச் சீட்டுகளை வைத்தே ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் போட்டவர்கள் இருக்கிறீர்களா? நோட்டீஸ் ஏதும் வந்ததா?

ஆடிட்டரிடம் போ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுதான் கடைசி வழி.