டிசம்பர் 1 நிகழ்ச்சி: அச்சமூட்டும் கண்காட்சியா, வளாகப் பரிசோதனை முகாமா?

நாமக்கல் விரிவுரையாளர் கேட்கிறார்:

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்தின் (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பு) பொறுப்பாசிரியராக இருக்கிறேன். உலக எய்ட்ஸ் தினம் எங்களிடம் உறுதிமொழி, பேரணி, ஓவியப் போட்டி என்ற அளவில் முடிந்துவிடுகிறது. இந்த ஆண்டு பயனுள்ள ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பேசியபோது இரண்டு யோசனைகள் வந்தன. எலும்பும் தோலுமாக இருக்கும் நோயாளிகளின் படங்களையும் மண்டையோட்டுச் சின்னத்தையும் வைத்துக் கண்காட்சி நடத்தினால்தான் மாணவர்கள் அஞ்சி ஒழுங்காக இருப்பார்கள் என்பது ஒன்று. வளாகத்திலேயே எச்.ஐ.வி (எய்ட்ஸை உண்டாக்கும் வைரஸ்) தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி, அனைவரையும் வரிசையில் நிறுத்தி, "முழுமையாகப் பரிசோதனை செய்துகொண்ட கல்லூரி" என்று அறிவிக்கலாம் என்பது மற்றொன்று.

இரண்டுமே எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கூட்டத்தில் மறுத்துப் பேச உறுதியான காரணங்கள் தேவை. மாணவர்கள் பெயர் எழுதாமல் கேள்வி போடுவதற்கு ஒரு பெட்டி வைத்திருந்தோம். அதில் அதிகம் வந்த கேள்வி, "பரிசோதனைக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?" என்பதுதான். இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆற்றுநர்:

அம்மா, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி ஆலோசனையும் பரிசோதனையும் வழங்கும் இடம்) நெடுங்காலம் ஆற்றுநராக, அதாவது ஆலோசகராக, பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பெட்டியில் விழுந்த அந்தக் கேள்வியே நிகழ்ச்சியின் மையமாக இருக்க வேண்டும்.

படங்களைப் பார்த்து அஞ்சியவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டதைவிட, பரிசோதனையைத் தள்ளிப்போட்டதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். "இருந்தால் எப்படியும் சாவுதான், தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்பார்கள். 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி-யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோதே அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அப்போது நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தவர்களுக்குத்தான் மருந்து கிடைத்தது. 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே சிகிச்சை தொடங்கலாம் என்ற நடைமுறை வந்துவிட்டது. இன்று பெரும்பாலானோர் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்கிறார்கள். படத்தில் இருக்கும் அந்த எலும்புக்கூடு, சிகிச்சை கிடைக்காத காலத்தின் உருவம். அதையே இன்றும் காட்டினால் மாணவர்களுக்குத் தவறான தகவலைக் கொடுக்கிறோம்.

முகாமைப் பற்றி: நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்கு முன்பும் பின்பும் தனியறையில் பேசுகிறோம். முதல் பரிசோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும் அதை முடிவாகச் சொல்வதில்லை. வேறு வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் ஒத்துப்போன பிறகே உறுதி செய்கிறோம். இதை ஒரு கல்லூரி அரங்கில், நண்பர்கள் வெளியே காத்திருக்க, ஒருவரை மட்டும் "நீங்கள் சற்று இருங்கள்" என்று சொல்லி எப்படிச் செய்வது? அந்த ஒரு சொல்லே மற்றவர்களுக்குப் போதும். முதலாண்டு மாணவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமும் வேண்டும்.

நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் வருத்தியது மற்றொன்று. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் பரிசோதனை செய்யப்படுவதால், ஒரு குடும்பத்தில் தொற்று முதலில் மனைவியிடம்தான் தெரியவரும். கணவனிடமிருந்து வந்த தொற்றாக இருந்தாலும், முதலில் தெரிந்தது யாரிடமோ அவரே குற்றவாளி என்று வீடு தீர்ப்பளித்துவிடும். மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. உரிய காலத்தில் மருந்து தொடங்கினால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே அந்தப் பரிசோதனை குழந்தையைக் காப்பாற்றுகிறது. தாயைக் காப்பாற்ற வேண்டியது குடும்பமும் ஊரும். உங்கள் மாணவர்கள் நாளை கணவராகவும் மாமனார் மாமியாராகவும் ஆகப்போகிறவர்கள் என்பதால், மேடையில் இதைச் சொல்லுங்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து:

எங்கள் குடும்பம் ரிக் வண்டித் தொழிலில் இருப்பது. எங்கள் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக மாதக்கணக்கில் வட மாநிலங்களில் நிற்கும். 2000-களின் தொடக்கத்தில் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விளம்பரம் சுவரெங்கும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் நன்மையும் நடந்தது: ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாத ஊர்களில் அது டீக்கடைப் பேச்சானது. தொண்டு நிறுவனத்தார் லாரிப் பட்டறைகளுக்கே வந்து பேசினார்கள். பல ஓட்டுநர்கள் அதனால் தங்களைக் காத்துக்கொண்டார்கள் என்பதை நான் நேரில் அறிவேன்.

ஆனால் இது லாரிக்காரன் நோய் என்ற முத்திரையும் அதோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பகுதியில் ஓட்டுநர் என்றால் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் இருந்தது. "நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு வராது" என்று நிம்மதியாக இருந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளவே இல்லை. எனவே நிகழ்ச்சியில் எந்தத் தொழிலையும் எந்தப் பிரிவினரையும் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவர்களில் ஓட்டுநர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆற்றுநர்:

திருச்செங்கோட்டு நண்பர் சொல்வது முற்றிலும் சரி. 1986-இல் நுண்ணுயிரியலாளர் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் முயற்சியால் இந்தியாவில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டது சென்னையில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம்தான். அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் நாடு இன்னும் தாமதமாகவே விழித்திருக்கும். நாம் அவர்களுக்கு நன்றி சொல்லாமல், "அது அவர்களுடைய நோய்" என்று தள்ளிவைத்தோம். அந்தத் தொடக்கத்தின் பாரத்தை இன்னும் சுமக்கிறோம்.

தொற்றோடு வாழும் ஒருவர்:

என் பெயரைச் சொல்ல இயலாது; மன்னிக்கவும். 2000-களின் நடுவிலிருந்து ஏ.ஆர்.டி. எனப்படும் அந்தக் கூட்டு மருந்தை எடுத்துவருகிறேன். என் ரத்தத்தில் வைரஸின் அளவு பல ஆண்டுகளாகக் கண்டறிய முடியாத நிலையிலேயே உள்ளது. மருந்தை விடாமல் எடுத்து இந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது என்பது உலகச் சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்ட உண்மை. இதை உங்கள் மாணவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? இந்த ஒரு செய்தி பரவினாலே பாதி அச்சம் விலகிவிடும் என்று நம்புகிறேன். ஆனால் இது பாலுறவுக்கு மட்டும் பொருந்துவது, ஊசியைப் பகிர்வதற்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நோயைவிட என்னை அதிகம் வதைத்தது மனிதர்கள்தான். ஒரு பல் மருத்துவமனையில் உண்மையைச் சொன்ன உடனே கருவிகள் பழுதாகிவிட்டன என்றார்கள். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ, கொசுக்கடியாலோ இது பரவாது என்று படித்தவர்களுக்கே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். என்னைப் போன்றவரை மேடைக்கு அழைத்தால், எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம். அனுதாபத்துக்காக அழ வைக்கவும் வேண்டாம். மருந்து, வேலை, திருமணம், பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

வழக்குரைஞர்:

கூட்டத்தில் எடுத்துரைக்கச் சட்டக் காரணங்களும் உள்ளன. எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. விவரம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் ஒருவருக்குப் பரிசோதனை செய்யக் கூடாது என்பது பொது விதி. வேலைக்கோ கல்விக்கோ பரிசோதனையை முன்நிபந்தனையாக்குவதையும் அது தடை செய்கிறது. அனைவரையும் வரிசையில் நிறுத்தும் முகாமில், ஒதுங்கி நிற்பவர்மீது சந்தேகம் விழும். அந்தச் சூழலில் பெறும் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிக் கொள்வது? தொற்றுள்ளவர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் வகையில் எதையும் வெளியிடுவது சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்பதையும், மண்டையோட்டுப் படத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாமக்கல் விரிவுரையாளர்:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இந்தப் பதில்களை அப்படியே கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். கண்காட்சியும் முகாமும் இல்லாமல், ஓர் ஆற்றுநரை அழைத்துப் பெட்டியில் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லவைக்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: ஒரு மாணவர் என்னிடம் தனியாக வந்து, அண்மையில் பாதுகாப்பற்ற உறவு நேர்ந்துவிட்டது என்று சொன்னால் நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆற்றுநர்:

எப்போது நேர்ந்தது என்று மட்டும் கேளுங்கள். யாரோடு, எங்கே என்று கேட்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லச் சொல்லுங்கள். மருத்துவர் தேவை என்று கருதினால், தொற்று ஏற்படாமல் தடுக்கும் மருந்தை 28 நாள்களுக்குத் தருவார்; எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புங்கள், பரிசோதனை இலவசம். தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் அது பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து மறுபடியும் செய்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், முதல் முடிவை வைத்துக்கொண்டே நிம்மதியாகிவிடுவார்கள்.

மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கினால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம். அவர் கேட்டுக்கொண்டால் ஒழிய நீங்கள் உடன் செல்ல வேண்டாம். முடிவு என்ன என்று பின்னர் விசாரிக்காதீர்கள். கல்லூரிப் பதிவேட்டில் எதையும் எழுதாதீர்கள். உங்கள் பெட்டியில் அதிகம் வந்த கேள்விக்கும் மேடையில் தெளிவாகப் பதில் சொல்லிவிடுங்கள்: முடிவு பரிசோதனை செய்துகொண்டவரிடம் மட்டுமே தெரிவிக்கப்படும், 18 வயது நிரம்பியவர் என்றால் வீட்டுக்கு யாரும் தொலைபேசியில் அழைக்க மாட்டார்கள்.